நாற்பத்தொரு தம்பிகள்

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து நான்கு காசு. அரசாங்கத்துக்கு நான் பட்டிருந்த கடன் அது.

எங்கள் ஊரில் அரசாங்க மாடு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பருவத்துக்கு ஒரு தடவை ஆள் வந்து அதன் வயிற்றைச் சுற்றிக் கயிறு பிடித்து அளப்பான். அந்த வருடம் மழை இல்லை, புல் கருகிப்போயிற்று, மாடு நாலு விரற்கடை இளைத்துவிட்டது. நானும்தான் இளைத்திருந்தேன். என்னைச் சுற்றி யாரும் கயிறு பிடிக்கவில்லை. மாட்டை இளைக்க விட்ட குற்றத்துக்கு ஒரு கவசம் அபராதம் என்று தீர்ப்பாயிற்று.

எங்கள் நாட்டில் அபராதத்தைக் காசில் சொல்வதில்லை. சின்னத் தப்புக்குக் கேடயம், பெரிய தப்புக்குக் கவசம். ஜனங்கள் தப்புச் செய்யச் செய்யப் படை பெருக வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் நிஜக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு போனால் வாங்க மாட்டார்கள். விலையைத்தான் கேட்பார்கள். கவசத்தின் விலை மேலே சொன்னது. கேடயம் முந்நூற்று எண்பத்து நான்கு. இந்த இரண்டு தொகையும் எங்களில் தொட்டில் பிள்ளைக்கும் மனப்பாடம்.

காசு இல்லாதவன் உடம்பால் கட்டலாம். அரசாங்கம் கஞ்சி ஊற்றினால் நாளுக்கு ஆறு காசு கழியும். அப்படிப் பார்த்தால் இருநூற்று இருபத்து நான்கு நாள். கடனை ஒரு மூங்கில் பட்டையில் எழுதி, அதை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை என் இடுப்பில் கட்டிவிட்டார்கள். மறு பாதி அவர்களிடம். நான் நடுவில் ஓடிப்போனால் மீதியை என் மனைவி லான் கட்ட வேண்டும், அரசாங்கக் களஞ்சியத்தில் தினை குத்தி. பெண்ணுக்குக் கூலி இன்னும் குறைச்சல் என்பதால் அவள் பல் விழும்வரை குத்த வேண்டியிருக்கும்.

கவசத்துக்குக் கடன்பட்டவனை லீ மலை அடிவாரத்துக்குக் கொண்டுபோய்க் கவசம் செய்யச் சொன்னார்கள். களிமண் கவசம். அதைப் போட்டுக்கொள்ளக் களிமண் சிப்பாய். பேரரசர் செத்தபின் போய்ப் படுக்க அங்கே ஒரு குன்றையே குவித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கிழக்கே ஆழமாகக் குழி வெட்டி, சந்து சந்தாகப் பிரித்து, அவருக்குக் காவலாக ஆயிரக்கணக்கில் மண் சிப்பாய்களை நாங்கள் நிறுத்திக்கொண்டிருந்தோம். ஆறு நாடுகளைப் பிடித்தவர் அவர். அந்த ஆறு நாட்டுச் செத்தவர்களும் கீழேதானே காத்திருப்பார்கள், அந்தப் பயம். மேலே அவர்களை வெட்டியது எலும்பும் சதையுமான ஆட்கள். கீழே அவரைக் காப்பாற்றப்போவது நாங்கள் காலால் மிதித்த சேறு.

முதல் சிலையின் கவசத்துக்குக் கடைசித் தகட்டை ஒட்டியதும் பாங் மேஸ்திரியிடம் கேட்டேன். எங்கள் சூளைக்கு அவர்தான் பொறுப்பு. குட்டையான ஆள், எப்போதும் கையில் ஈரத் துணி.

"மேஸ்திரி, ஒரு கவசம்தானே என் கடன்? இதோ குடுத்துட்டேன். நான் கெளம்பலாமா?"

"மண்ணுக் கவசம் கணக்குல வராதுடா. வேணும்னா உன்னைப் புதைக்கும்போது போட்டு அனுப்புறேன்."

வேலை கடினம் என்று சொல்ல மாட்டேன். அலுப்பு. காலுக்குக் கட்டி மண். அதற்கு மேலே மண்ணைக் கயிறாகத் திரித்து வளையம் வளையமாக ஏற்ற வேண்டும், உள்ளே வெறும் கூடு. தலையை அச்சில் எடுத்து, மீசை, புருவம், காது எல்லாம் கையால் ஒட்ட வேண்டும். ஒரு முகம்போல் இன்னொரு முகம் இருக்கக் கூடாது என்று உத்தரவு. எத்தனை முகத்தைத்தான் நினைத்துக்கொள்வது? என்னோடு வேலை செய்த ஷெங், தன்னைக் காட்டிக்கொடுத்த பக்கத்து வீட்டுக்காரனின் முகத்தையே திரும்பத் திரும்பச் செய்தான். மீசையை மட்டும் மாற்றுவான். செய்து செய்து அவனை முன்வரிசையில் நிறுத்தச் சொல்வான்.

"மொத அம்பு அங்கதான் வரும் மாப்ள" என்பான்.

ஷெங் ஒரு காலத்தில் ஊர்க் கணக்கன். தானியம் எட்டு மரக்கால் குறைந்ததற்காக முகத்தில் பச்சை குத்தி, தாடியை மழித்து, சிவப்புத் துணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் ஆயுள் தண்டனைக்காரன். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். அறிவு வளரட்டும் என்று அல்ல. செய்தவன் பெயரும் ஊரும் ஒவ்வொரு சிலையின் முதுகிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிலை விரிசல் விட்டால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா. நாற்பத்து மூன்று வயதில் ஈர மண்ணில் குச்சியால் என் பெயரை முதன்முதலாக எழுதினேன். 'கெங்'. அரசாங்கம் ஒருவனுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தால் அது அவனை உதைப்பதற்காகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே எனக்குப் பட்டது.

எனக்குப் பத்து நாள் மிச்சம் இருந்தபோது கணக்கர் யோங் வந்தார். வெள்ளெலி மாதிரி முகம். தோளில் மூங்கில் பட்டைகளின் கட்டு. தலைநகரிலிருந்து புது உத்தரவாம்: பெயர்ப் பட்டியல் இல்லாத படை படையே இல்லை. குழியில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் பெயர், ஊர், உயரம், நிற்கும் சந்து எல்லாம் பதிய வேண்டும்.

எங்கள் சந்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போனது நான்தான், என் கெட்ட நேரம். ஒரு சிலைக்குப் பின்னால் போய் முதுகைத் தடவினார்.

"இவன் பேரு கெங்."

"ஐயா, அது செஞ்சவன் பேரு. நான்தான் அது."

"அப்ப இவன் பேரு என்ன?"

"இவனுக்குப் பேரு கெடையாதுங்க. மண்ணுங்க."

"பேரு இல்லாதவன் படையில நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பேரு எழுதியிருக்கிறவனை அந்தப் பேருலதான் பதியணும்னும் சட்டம் இருக்கு. உனக்குச் சட்டம் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"உங்களுக்குத்தாங்க."

"கெங்" என்று எழுதினார். அடுத்த சிலைக்குப் போனார். அதன் முதுகிலும் கெங். அதற்கடுத்ததும். அந்தச் சந்தில் நான் செய்தவை மொத்தம் நாற்பத்தொன்று. யோங்கின் நெற்றி வேர்த்தது.

"என்னய்யா இது, ஒரே பேரு, ஒரே ஊரு?"

"ஒரே கைங்க."

"உன் கையில வந்தவங்க. அப்ப உன் வீட்டுல சேத்துக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "உன் வயசுக்கு வளர்ந்த புள்ளைங்க இத்தனை பேரு இருக்க முடியாது. தம்பிங்கன்னு போடுறேன். மூத்த தம்பி, ரெண்டாந் தம்பி, அப்படி வரிசையா."

நான் சிரித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், அந்த மாட்டை ஏற்றுக்கொண்டதற்கு அடுத்தபடியாக, அந்தச் சிரிப்புதான். அப்போதே அவர் காலில் விழுந்து தடுத்திருக்க வேண்டும்.

எட்டு நாள் கழித்து, இன்னும் இரண்டே நாள், பன்னிரண்டே காசு பாக்கி என்று நான் இடுப்புப் பட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த மாலையில், தலைநகரிலிருந்து ஒரு பலகை வந்தது. யோங்கே வந்து படித்தார்.

எங்கள் நாட்டில் ஒரே வீட்டில் இரண்டு வளர்ந்த ஆண்கள் பிரியாமல் குடியிருந்தால் இரட்டை வரி. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருப்பது அரசாங்கத்துக்குப் பிடிக்காது. தலைநகரில் எவனோ பட்டியலைப் பார்த்திருக்கிறான். கெங் வீட்டில் நாற்பத்தொரு தம்பிகள், ஒருவனும் தனிக்குடித்தனம் போகவில்லை. தலைக்கு நூற்றிருபது, இரட்டை என்றால் இருநூற்று நாற்பது. ஆக ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது காசு வரி பாக்கி. கட்ட வேண்டியவன் வீட்டுத் தலைவன். அதாவது நான்.

"பழைய பன்னிரண்டையும் சேத்துக்கோ" என்றார் யோங். "நாலரை வருஷம் ஆகும்."

எனக்குக் காலடியில் இருந்த களிமண் சூடாவது போல இருந்தது. லான் ஒற்றை ஆளாகத் தினை அறுத்துக்கொண்டிருப்பாள். இன்னும் இரண்டு நாளில் புருஷன் வருவான் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வரி என்பது ஆள் கட்டும் அபராதம் மாதிரி இல்லை, வீட்டைப் பிடிக்கும். இந்த மாதமே அவளைக் களஞ்சியத்துக்கு இழுத்துப்போய்விடுவார்கள்.

"ஐயா, அது மண்ணுய்யா! உங்க கண்ணால பாத்தீங்கல்ல! மண்ணுன்னு மாத்தி எழுதி அனுப்புங்கய்யா."

"மாத்தி எழுதினா?"

"தப்பு சரியாயிடும்."

"தப்பு எழுதின கணக்கனுக்கு ஒரு கேடயம் அபராதம். முந்நூத்தி எண்பத்தி நாலு. நீ குடுப்பியா? எனக்கு மூணு பொண்ணுங்க." அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார். "உனக்கு நல்லது செய்யணும்னு எனக்கும் ஆசைதான். எழுதினதைக் கிறுக்காம என்ன செய்ய முடியும், சொல்லு."

பக்கத்தில் மண் மிதித்துக்கொண்டிருந்த ஷெங் தலையைத் தூக்கினான்.

"கிறுக்க வேணாம். சேத்து எழுதலாமே?"

"என்னத்தச் சேக்குறது?"

"வீட்டுத் தலைவன் காவல் படையில நின்னா வீட்டுக்கு வரி கெடையாது. சட்டம் இருக்கா இல்லையா?"

யோங்கின் முகம் மலர்ந்துவிட்டது. சேர்ப்பது தப்பாகாது. உடனே உட்கார்ந்து ஒரு பட்டையை எடுத்து எழுதினார்: கெங், வீட்டுத் தலைவன், காவல் படை, மூன்றாம் சந்து, பதினோராம் வரிசை. நாற்பத்திரண்டாவது ஆள். ஊதிக் காயவைத்தார். ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பதும் ஒரே மூச்சில் பறந்தது. நான் ஷெங்கைக் கட்டிக்கொண்டேன். சமையல்காரனிடம் ஒரு பிடி உப்பிட்ட அவரை கூடுதலாகக் கேட்டுக்கூட வாங்கிவிட்டேன்.

யோங் பட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு மேலதிகாரி வந்து பட்டியலை வெச்சு ஒவ்வொருத்தரா பாக்குறாரு. விடியுறதுக்கு முன்னாடி போய் உன் எடத்துல நின்னுடு."

"நானா? எவ்வளவு நேரம்?"

"காவல் படைன்னா எவ்வளவு நேரம்னு கேப்பாங்களா? அவர் பாத்து முடிக்க முடிக்க மேல கட்டை அடுக்கி, பாய் விரிச்சு, மண்ணு போட்டு மூடுறாங்க."

"நான் உள்ள இருப்பேனே ஐயா!"

"வெளிய வர்றவங்க பட்டியல்ல உன் பேரு இல்லையே" என்றார் யோங். "நிக்கலைன்னா ஓடிப்போனவன்னு ஆயிடும். உனக்குக் கழுத்து, உன் பொண்டாட்டிக்குக் களஞ்சியம். யோசிச்சுக்கோ."

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்னைக் கொல்ல வேண்டும் என்று அங்கே யாருக்கும் எண்ணம் இல்லை. கொடுமைக்காரன் ஒருவன் இருந்திருந்தால் அவனை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். ஆளுக்கு ஒரு கேடயம் மிச்சமாக வேண்டும், அவ்வளவுதான்.

 இருட்டியதும் கை கழுவும்போது ஷெங் சொன்னான்.

"மாப்ள, அந்தக் குழியில எறக்கின சிப்பாய் எவனாவது திரும்பி மேல வந்து பாத்திருக்கியா?"

"இல்ல."

"நான் பாத்திருக்கேன். வேகாதவன். தட்டிப் பாத்து சத்தம் சரியில்லைன்னா, கட்டித் தூக்கிக் குப்பைமேட்டுக்குக் கொண்டு வருவாங்க."

"கொண்டு வந்து?"

"சம்மட்டியால ஒடைப்பாங்க."

"அடப்பாவி."

"சம்மட்டி என் கையில இருக்கும்டா" என்றான் ஷெங். "ஆனா அதிகாரி மேட்டுக்கு வந்து நின்னு பாத்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் இருட்டோடு இருட்டாகப் பாங் மேஸ்திரி என்னைத் தயார் செய்தார். மேலே வெள்ளை மண் பூசி, முகத்துக்கு இளஞ்சிவப்பு, மேலங்கிக்குப் பச்சை. உச்சிக் கொண்டையை இழுத்து, கண் பிதுங்குகிற அளவுக்கு இறுக்கிக் கட்டினார். நான் ஒரு அடி குட்டை என்பதால் காலுக்குக் கீழே இரண்டு செங்கல். இவ்வளவு அக்கறை என் கல்யாணத்தன்றுகூட யாரும் என்னிடம் காட்டவில்லை. காரணம் இருந்தது. அவர் சந்தில் ஒரு சிலை குறையுள்ளது என்று தள்ளுபடியானால் அவருக்கும் ஒரு கேடயம்.

"அவரு குச்சியால தட்டுவாருடா. நல்லா வெந்த மண்ணு கணீர்னு சத்தம் குடுக்கும். உன்னத் தட்டினா என்ன வரும்? ஏப்பந்தான் வரும்." சொல்லிக்கொண்டே சமையல்கட்டிலிருந்து கொண்டுவந்த வெண்கலக் கிண்ணம் ஒன்றை என் மேலங்கிக்குள் கவிழ்த்து, நெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். விரலால் சுண்டிப் பார்த்தார். கணீர். "சொக்கத் தங்கம்! உன் நாப்பத்தொரு தம்பிங்களையும் விட நீதான்டா நல்லா வெந்திருக்கே."

"மேஸ்திரி, நான் உள்ள மாட்டிப்பேன் மேஸ்திரி."

"மாட்டாம? பேரரசர் பக்கத்துல எடம். எனக்கெல்லாம் குடுப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, என் மூக்கு நுனியில் உரிந்த வண்ணத்தைச் சரி செய்தார்.

நின்றேன். எனக்கு முன்னால் ஆறாந் தம்பி, பின்னால் ஏழாந் தம்பி. பகல் முழுக்க அதிகாரி வரவில்லை. நாளைக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரிவுப் பாதையில் காவல்காரன் உட்கார்ந்திருந்தான், வெளியே வருகிறவர்களைப் பட்டியலில் சரிபார்த்து அனுப்பிக்கொண்டு. நான் நகரவில்லை. மத்தியானம் சமையல்காரன் ஒரு கிண்ணம் தினைக்கஞ்சி கொண்டுவந்து, தெரிந்த முகம் என்பதால் வாயில் ஊற்றிவிட்டுப் போனான். கால் மரத்துப்போய், நின்றபடியே தூங்கி விழித்தபோது, எனக்கு முன்னால் நின்றவனின் முதுகில் என் பெயரைப் பார்த்தேன். என்ன கோணல் எழுத்து. எழுதியவன் கையை ஒடிக்க வேண்டும் போல இருந்தது.

இரண்டாம் நாள் கஞ்சிக்குப் பிறகு அதிகாரி வந்தார். நெடிய உடம்பு, கறுப்பு அங்கி, கையில் அரக்குப் பூசிய குச்சி. கூடவே ஒரு உதவியாள் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தான். பின்னால் பாங் மேஸ்திரியும் யோங்கும். அதிகாரி ஒவ்வொரு நெஞ்சிலும் ஒரு தட்டு. கணீர். "கெங், மூன்றாந் தம்பி." கணீர். "கெங், நாலாந் தம்பி." ஒரு வரிசை முடிந்ததும் தலைக்கு மேலே பருத்த பருத்த கட்டைகளை உருட்டி விட்டார்கள். வெளிச்சம் ஒரு வரிசை குறைந்தது. அடுத்த வரிசை. கட்டை. மண் உதிர்ந்து என் கண்ணில் விழுந்தது. தேய்க்கவும் முடியாது.

மூன்று வரிசைக்கு முன்னால் அவர்கள் இருந்தபோது, நெஞ்சில் இருந்த கிண்ணம் என் இதயம் அடிப்பதற்கெல்லாம் தானாகவே சத்தம் போடுவது போல எனக்குத் தோன்றியது. கணீர் என்றால் தலைக்கு மேல் கட்டை. டொக் என்றால் தலைக்கு மேல் சம்மட்டி. ஆனால் சம்மட்டிக்கு மேலே வானம் இருக்கும். அதை நினைத்துத்தான் முடிவு செய்தேன். கையை அங்கிக்குள் விட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். கிண்ணம் வழுக்கி வயிற்றில் இறங்கியது. பிடித்து, முதுகுப் பக்கம் கொண்டுபோய், ஏழாந் தம்பியின் வளைந்த கையில் வைத்தேன். வேல் பிடிக்கச் செய்த கை, கிண்ணத்தையும் நன்றாகவே பிடித்துக்கொண்டது.

அதிகாரி என் முன்னால் வந்து நின்றார். உதவியாள் படித்தான்.

"கெங், வீட்டுத் தலைவன்."

குச்சி என் நெஞ்சில் விழுந்தது. டொக்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். இன்னொரு தட்டு, இந்தத் தடவை பலமாக. டொக். எனக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினேன், கண்ணில் நீர் வழிந்து வண்ணம் கரைந்தது.

"ஐயா" என்றான் உதவியாள் மெதுவாக, "இது கண்ணைச் சிமிட்டுது."

"பட்டியல்ல கண்ணைச் சிமிட்டுதா இல்லையான்னு கேட்டிருக்கா?"

"இல்லீங்க."

"என்னென்ன கேட்டிருக்கு?"

"பேரு, ஊரு, உயரம், சத்தம்."

"சத்தம் சரியில்லை." அதிகாரி என் கண்ணையே பார்த்தார். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால், உயிருள்ளவன் எப்படி மண் படையில் வந்தான் என்று அவர் ஒரு அறிக்கை எழுத வேண்டும், அது அவர் கவசத்தில் போய் முடியும். என் மூக்கில் விரலை வைத்துத் துடைத்து, விரலில் ஒட்டிய ஈரத்தை அருவருப்போடு பார்த்தார். "ஈரமே போகலை. வேகவே இல்லை. எவன்யா இந்த சூளை மேஸ்திரி?"

பாங் மேஸ்திரியின் வாய் திறந்தது. "ஐயா, அது வந்து, அவன்..."

"அவன்?"

அவன் மனுஷன் என்று சொன்னால் பொய்ச் சிலையை நிறுத்தியவர் அவரே. அவர் வாய் மூடிக்கொண்டது.

"அவன் வேகலைங்க" என்றார்.

"உனக்கு ஒரு கேடயம். இதைத் தூக்கிப் போய் ஒடைங்க."

என் காலைக் கட்டி, மூங்கிலில் கோத்து, பன்றியைத் தூக்குவது மாதிரித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சரிவுப் பாதையில் காவல்காரன் நிறுத்தினான்.

"என்ன போகுது?"

"வேகாதது ஒண்ணு."

"குப்பைக்குத் தனிப் பட்டியல்" என்று வேறொரு பட்டையை எடுத்துக் கோடு போட்டான்.

குப்பைமேட்டில் உடைந்த கைகளும் குதிரைத் தலைகளும் குவிந்து கிடந்தன. என்னை அவற்றின் மேல் போட்டுவிட்டுப் போனார்கள். ஷெங் சம்மட்டியோடு நின்றுகொண்டிருந்தான். வானம் பெரியதாக இருந்தது. பின்னாலேயே வந்த அதிகாரி மேட்டுக்கு ஏறவில்லை. கீழே நின்று காதை மட்டும் கொடுத்தார்.

ஷெங் சம்மட்டியை ஓங்கினான். கண்ணை மூடிக்கொண்டேன். என் காதுக்கு அருகே ஒரு குதிரைக் கால் படாரென்று நொறுங்கியது. இன்னொன்று. பிறகு ஒரு தலை. சில்லுகள் என் மேல் வந்து விழுந்தன.

"ஒடஞ்சுதா?" என்று கீழிருந்து குரல்.

"சுக்குநூறுங்க!" என்று கத்தினான் ஷெங். பிறகு குனிந்து, "எந்திரிச்சுடாத, அந்த ஆளு போகட்டும். உன்னப் பாத்தா எனக்கே ஒடைக்கணும் போல இருக்கு, அவ்வளவு அசிங்கமா வண்ணம் பூசியிருக்கான் நம்ம மேஸ்திரி."

அதிகாரி போன பிறகு யோங் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தார். ஒரு குதிரை முதுகின் துண்டில் உட்கார்ந்து பட்டைக் கட்டை அவிழ்த்தார்.

"வீட்டுத் தலைவன் தள்ளுபடி. தலைவன் இல்லாத வீடு வீடில்லை. தம்பிங்க நாப்பத்தொரு பேரும் இனிமே பேரரசர் வீட்டு ஆளுங்க. வரி கெடையாது." எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா பழைய பட்டை வேற கணக்கு. அதுல இன்னும் பன்னெண்டு காசு நிக்குது."

நான் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். முகத்தில் இருந்த வண்ணத்தில் எது என்னவென்று தெரியவில்லை.

"ரெண்டு நாள் குழியில நின்னானே?" என்றான் ஷெங். "நாளுக்கு ஆறு."

"சிலையா நின்னான். சிலைக்குக் கூலி எங்க இருக்கு?"

"கஞ்சி ஊத்தினா ஆறு காசு கழிக்கணும். ஊத்தினது ஆளுக்கா சிலைக்கான்னு சட்டம் கேக்குதா? சமையல்கட்டுப் பட்டையைப் பாருங்க."

யோங் சந்தேகத்தோடு கட்டில் தேடினார். சமையல்காரனின் பட்டை இருந்தது. அவனும் பயந்தவன், ஒரு கரண்டியைக்கூட எழுதாமல் விட மாட்டான். 'கெங், மூன்றாம் சந்து, தினைக்கஞ்சி, ஒரு கிண்ணம்.' மறுநாள் தேதியிலும் அதே. யோங் இரண்டையும் விரல் வைத்துப் படித்தார். கூலி இல்லை என்றால் கஞ்சி ஊற்றியது தப்பு. கஞ்சி தப்பு என்றால் அந்தப் பட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட கணக்கரும் தப்பு.

"குடு உன் பட்டையை" என்றார்.

இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். தன்னிடம் இருந்த பாதியை எடுத்து அதோடு சேர்த்தார். பிளந்த நார் நாரோடு பொருந்தியது. சட்டைக்குள்ளிருந்து சிறு கத்தியை எடுத்து, இரண்டையும் முழங்காலில் வைத்து, எழுத்தின் மேல் ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை சீவினார். மூங்கில் சுருள் சுருளாக உடைந்த மண்மேல் விழுந்தது. பட்டை வெறுமையாயிற்று.

"எதுவும் பாக்கி இல்லை" என்றார் யோங், கத்தியை ஊதியபடி. "போ. குப்பையை யாராவது எடுத்துட்டுப் போனா நான் கேக்க மாட்டேன்."